பாயோட ஒட்டின பிரபு

(மட்டக்களப்பு, கல்லடி. பின்னேரம் 4 மணி. விறாந்தையில பூரணம் றால் உடைச்சுக்கொண்டு இருக்கிறா. தேவி மச்சாள், பென்சன் எடுத்த இங்கிலீஸ் டீச்சர், அட்டை கிழிஞ்ச ஒரு தடிப் புத்தகத்தோட வாறா. றாலில கை வைக்கிற எண்ணம் அவவுக்கு இல்லை. அது ரெண்டு பேருக்கும் தெரியும்.)

பூரணம்: வாகா. இன்னொரு சட்டி அந்தா கெடக்கு.

தேவி: றால் தண்ணி கண்ணாடியில தெறிச்சா வாசிக்க ஏலாகா. நீ உடை, நான் கதை சொல்றன். லண்டன். 1816. ராசா 3ஆம் ஜோர்ஜுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. மகன்தான் அவருக்குப் பதிலா ஆட்சி. அந்த நேரம் ஒரு லேடி, ஒழுக்கமெண்டா அப்பிடி ஒரு ஒழுக்கம்.

பூரணம்: எனக்குத் தெரிஞ்ச ஒரே லேடி, லேடி மானிங் பாலம்தான். 1924ல இருந்து ஊரே ஏறி மிதிச்சும் ஒரு வார்த்தை பேசினாவா? அவட பொறுமை ஆருக்கு வரும்?

தேவி: கேளன்கா. மறுகா ஒரு பிரபு. சூதாட்டம், ஊரெல்லாம் கடன், விடியச்சாமத்திலதான் வீடு. ஆனா சிரிச்சானெண்டா...

பூரணம்: காவாலி.

தேவி: இங்கிலீசில அதுக்கு ‘றேக்’ எண்டு சொல்லுறது.

பூரணம்: முத்தத்தில குப்பை வாருவமே, அந்த றேக்கா?

தேவி: எழுத்து ஒண்டுதான்.

பூரணம்: சரியாத்தான் பேர் வைச்சிருக்காங்க. போற வழியில கண்டதெல்லாம் வாருவான். அது கெடக்கட்டும், அவன் என்ன குடி?

தேவி: கிளாரட், போர்ட், பிரண்டி. சாப்பாட்டுக்குப் பிறகு திருப்பியும் பிரண்டி.

பூரணம்: அடியே, நான் கேட்டது தாய்வழிக் குடி!

தேவி: அங்க தாய்வழி இல்லகா. பட்டம், காணி எல்லாம் தகப்பனுக்குப் பிறகு மூத்த மகனுக்கு. பொம்பிளைப் புள்ளைக்குக் கொஞ்சம் சீதனக் காசு.

பூரணம்: வீடு?

தேவி: அதுவும் மூத்தவனுக்குத்தான்.

(பூரணத்தின்ட கையில இருந்த றால் தோலோட சட்டிக்குள்ள விழுது.)

பூரணம்: பொம்பிளைப் புள்ளைக்கு வீடு இல்லையா? ஒரு கிடுகுக் கொட்டில்கூட?

தேவி: கலியாணம் முடிச்சா அவள்ட கையில இரிக்கிற காசும் புருசனுக்குத்தான். அந்தச் சட்டம் ஒழுங்கா மாற 1882 ஆச்சு.

பூரணம்: அப்ப அவள் ஒழுக்கமா இரிக்காம என்ன செய்வாள்? பாவம், போக்கிடம் இல்லையே. சரி, எங்க சந்திச்சதுகள்?

தேவி: ஆல்மாக்ஸ் எண்டு ஒரு மண்டபம். புதன்கிழமை ராவில டான்ஸ். காசு இருந்தா மட்டும் காணா. பெரிய வீட்டுப் பொம்பிளையள் ஆறேழு பேர் இரிக்காங்க, அவங்க மனம் வைச்சுச் சீட்டுத் தந்தாத்தான் வாசல்படி மிதிக்கலாம்.

பூரணம்: திருவிழாவில முன்னுக்குக் குந்தியிருந்து, ஆர்ர சாறி புதிசு, ஆர்ர காப்பு கில்ட்டு எண்டு பாக்குற மாமிமார்.

தேவி: அதேதான்! அவங்க ஓமெண்டாத்தான் வால்ஸ் ஆடலாம். ஏனெண்டா வால்ஸில ஆம்பிளை இடுப்பில கை வைப்பான்.

பூரணம்: (றாலை விட்டுப்போட்டு) வைச்சானா?

தேவி: 94ஆம் பக்கத்தில.

பூரணம்: காவலுக்கு ஒருத்தரும் போகல்லையா?

தேவி: சின்னம்மாக்காரி போனவ. கதிரையில நித்திரை.

பூரணம்: நல்ல சின்னம்மா. ம், வைச்சு?

தேவி: தகப்பன் ஒத்துக்கொள்ளல்ல. இங்கிலாந்தில 21 வயசு முடியாட்டித் தகப்பன்ட சம்மதம் வேணும். ஸ்கொட்லாந்தில வேணாம். ரெண்டு பேரும் குதிரை வண்டியில எல்லையைத் தாண்டி, கிரெட்னா கிரீன் எண்டு ஒரு ஊர், அங்க கொல்லன் பட்டறையில கலியாணம். ரெண்டு சாட்சி காணும்.

பூரணம்: தாலிக்குத் தட்டானிட்டப் போவாங்க. கலியாணத்துக்குக் கொல்லனா? போனதுதான் போனாள், கையோட அந்த றேக்குக்கும் நாலு லாடம் அடிச்சு விட்டிரிக்கலாம்.

தேவி: தேவையில்லகா. அவன் திருந்திட்டான்! சூது இல்ல, குடி இல்ல, ராவில வெளிய போறதும் இல்ல. எல்லாம் அவள்ட அன்பு.

பூரணம்: எத்தினை நாளில?

தேவி: ஒண்டரை மாசம்.

பூரணம்: (சிரிச்சு, றால் கையால முகத்தைத் துடைக்கப் போய் நிப்பாட்டி) வெளியூர்க்காரர் நம்மளப் பத்திச் சொல்லுறது தெரியுந்தானே?

தேவி: மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோட ஒட்டிப்போடுவாங்க எண்டு.

பூரணம்: மருந்தாம், மந்திரமாம்! வீடு பொம்பிளைர பேர்ல. பக்கத்து வளவில அவட அக்கா, பின்வளவில தங்கச்சி, முன்விறாந்தையில மாமி. 9 மணிக்குக் கேற்றைப் பூட்டினா அவன் எங்க போவான்? பாய்தான். உன்ட லேடிக்கு ஒரு பத்துப் பேர்ச் வளவும் காணி உறுதியும் குடுத்துப் பார். ஒண்டரை மாசம் என்னத்துக்கு, ஒண்டரை நாள் காணும்.

தேவி: அப்ப அன்பு?

பூரணம்: அன்பும் இரிக்கட்டும். உறுதி அலுமாரியில இரிக்கட்டும்.

(உள்ளுக்கிருந்து பூரணத்தின்ட புருசன்ட குரல்: “தேத்தண்ணி ஏதும் கிடைக்குமா?”)

தேவி: (மெதுவா) இவரும் அந்தக் காலத்தில வெள்ளைச் சேட்டும் சைக்கிள் மணியுமா ஆரையம்பதியைக் கலக்கினவர்தானே.

பூரணம்: கலக்கினார், கலக்கினார். இப்ப சீனி கலக்கட்டும். (உரத்து) கேத்தில் அடுப்பிலதான் கெடக்கு! எங்களுக்கும் ரெண்டு கொண்டாங்க, தேவிக்குச் சீனி வேணாம்! (சட்டியை இழுத்து) நீ அந்த 94ஆம் பக்கத்தை எடு. ஆறுதலா வாசி.