மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கர் கீச்சிடுகிறது

லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைக்கப் புதுக் கேபிளும் வந்து சேர்ந்தது. முனைகளில் தங்கப் பூச்சு, சுண்டுவிரல் பருமன், ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று பெட்டியின் மேல் பெருமிதமான அறிவிப்பு. மாட்டினேன், ஸ்பீக்கரை இயக்கினேன், அதே 'ம்ம்ம்ம்' என்ற ரீங்காரம், மலிவான பழைய கேபிளில் எப்படி ஒலித்ததோ அப்படியே, இம்முறை தங்கத்தின் வழியாக வந்து காதில் இறங்கியது.

ரீங்காரத்தையாவது பாட்டின் சத்தத்தில் மறந்து தொலைக்கலாம். மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கர் கீச்சிடுகிறதே, அதை என்ன செய்வது? இடப்பக்கம் நகர்த்தினால் 'கீச்'. வலப்பக்கம் நகர்த்தினால் 'கீச்'. கையை எடுத்தால் அமைதி. அமைதிதான் என்று நம்பி மறுபடியும் விரலை வைத்தால் 'கீச்'. ஒரு நீண்ட பக்கத்தை மேலிருந்து கீழே உருட்டினால் 'சர்ர்ர்' என்று ஓர் இழுவை, பக்கம் நிற்கும் இடத்தில் அதுவும் நிற்கிறது. கணினி தன் நாட்குறிப்பை என்னிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. நான் கேட்க நினைத்ததோ ஒரு வயலின்.

விளக்கைப் பிடுங்கினேன், மாற்றமில்லை. ரவுட்டரைப் பிடுங்கினேன், ஸ்பீக்கர் அசரவில்லை, வீட்டிலுள்ள மற்றவர்கள்தான் ஒவ்வொருவராகக் கதவருகே வந்து இணையம் எங்கே என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பிரின்டரைப் பிடுங்கினேன், அது எப்போதும் போல எதற்கும் பயன்படாமல் இருந்தது. கடைசியில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் அறை முழுவதும் நிசப்தம். செருகினேன், கீச். பிடுங்கினேன், நிசப்தம். சந்தேகம் தீராமல் மீண்டும் செருகினேன், கீச். ஆக, பேட்டரியில் உயிர் இருக்கும் வரைதான் எனக்கு இசை கேட்கும் உரிமை என்று தெளிவாயிற்று.

இதில் கேபிளின் குற்றம் எங்கே இருக்கிறது? லேப்டாப் சார்ஜருக்கு மூன்று பின், அதில் ஒன்று எர்த். ஸ்பீக்கருக்கும் மூன்று பின், அங்கும் ஒன்று எர்த், சுவருக்குள் இரண்டு எர்த்தும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஆடியோ கேபிளின் வெளிவலை, அதாவது உள்கம்பியைச் சுற்றிப் பின்னிய செம்பு வலை, தன் பங்குக்கு இன்னோர் இணைப்பைக் கொடுக்கிறது, வளையம் பூர்த்தியாகிவிடுகிறது. சாதாரண ஆடியோ கேபிளில் அந்த வலை வெறும் கவசம் அல்ல, ஒலிச் சைகை திரும்பி வரும் பாதையும் அதுவே. ஆகவே எர்த் வளையத்தில் சுற்றும் மின்னோட்டம், 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தோடும் (சில நாடுகளில் 60) அதன் மடங்குகளோடும், கணினியின் உள்ளே நடக்கும் ஒவ்வொரு சலசலப்பையும் சுமந்துகொண்டு நேராகப் பாட்டின் மேல் ஏறி உட்காருகிறது. இந்த வளையம் முனைக்குத் தங்கம் பூசினால் அறுந்துவிடும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தார்?

அதே மேசையில், அதே குப்பைக்குள், மைக்கின் கேபிள் கிடக்கிறது. ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் காதில் விழும் அளவுக்கு மெல்லிய சைகையைத் தாங்கும் அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இருக்கிறது. காரணம், அது பேலன்ஸ்டு கேபிள்: வலைக்குள் முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறுகிறது, மறுமுனையில் இருக்கும் கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுகிறது, இரைச்சல் தானாகக் காணாமல் போகிறது. இவ்வளவு எளிய ஏற்பாட்டை லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் வைக்க மட்டும் எவருக்கும் மனம் வரவில்லை.

இனி ஆலோசகர்களுக்கு வருவோம். கேபிளைச் சுற்றி ஃபெரைட் மணி, அதாவது காந்தப் பொருளால் ஆன ஒரு சிறு உருளை, மாட்டச் சொன்னார் ஒருவர். ரேடியோ அலைவரிசையில் வரும் தொல்லைக்கு அது நல்ல மருந்துதான். 50 ஹெர்ட்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இன்னொருவர், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான் இல்லாத நேரத்தில் ஆடியோ கேபிள்களையும் மின்கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து, முழு நீளத்துக்கும் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். பக்கத்தில் பக்கத்தில் எவ்வளவு நீளம் ஓடுகிறதோ அவ்வளவுக்கு இரைச்சல் தாவும் என்பதையும், குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் குறுக்கிட வேண்டும் என்பதையும் சொன்னால், 'சுத்தமாக இருப்பது உனக்குப் பிடிக்காதே' என்று பதில் வருகிறது. மூன்றாமவர் மகா மேதாவி: எர்த் பின்னை உடைத்துவிடச் சொன்னார். சத்தம் நிச்சயம் நிற்கும் ஐயா. ஆனால் ஒருநாள் ஸ்பீக்கருக்குள் ஒரு கம்பி கழன்று உலோக உறையைத் தொட்டால், ஃபியூஸை எரிக்க வழியில்லாத அந்த மின்சாரம் உறையைத் தொடுகிறவரின் உடம்பு வழியாக இறங்கப் பார்க்கும். அதன்பின் ரீங்காரத்தைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்கமாட்டார்.

உள்ளங்கையில் அடங்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்ற ஒரு பெட்டி இருக்கிறது. இரு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லாமல், காந்தப் புலத்தின் வழியாக மட்டும் ஒலியைக் கடத்துவதால் வளையம் அங்கே அறுந்துவிடுகிறது. கேபிள் விற்றவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வாங்கி மாட்டினேன், கீச் போயிற்று. உடனே இன்னொரு ரீங்காரம் மெல்லத் தலைகாட்டியது, ஏனென்றால் அந்தப் பெட்டியை வைக்கக் கிடைத்த ஒரே இடம் பிரின்டரின் அடாப்டருக்கு முதுகோடு முதுகு. அடாப்டரின் காந்தப் புலத்தைச் செம்பு வலை தடுக்காது, தூரம்தான் தடுக்கும். ஒரு சாண் நகர்த்தினால் தீர்ந்தது. இந்த மேசையில் ஒரு சாண் எங்கே இருக்கிறது?

சரி, அடாப்டரையே நகர்த்தலாம் என்று எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திருப்பினேன். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் செருகுவதுதான் எர்த்துக்கு நல்லது என்பதால் ஆறு துளை உள்ளதாகப் பார்த்து வாங்கியது அது. மூன்று அடாப்டர்கள் உட்கார்ந்ததும் ஆறும் நிரம்பிவிட்டன. ஒவ்வொன்றும் தன் துளையில் அமர்ந்து அடுத்த துளையின் மேல் வயிற்றைச் சாய்த்துக்கொள்கிறது. ஆறு என்று அச்சிட்டவர் ஓர் அடாப்டரையாவது கையில் எடுத்துப் பார்த்திருப்பாரா? சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரின் பிளக்கை அறையின் எதிர்ச்சுவரில் செருகிவிட்டு வந்தேன்.