வாடை நின்றுவிட்டால் வாயு போய்விட்டதா?

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கேஸ் வாடை அடித்தால் பயப்படாதீங்க, பத்து நிமிஷம் உட்காருங்க. வாடை தெரியலைன்னா வாயு கலைஞ்சிடுச்சு." இது தவறு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

மூக்கின் உள்ளே மேற்பகுதியில் உள்ள நரம்பு செல்கள்தான் வாடையைப் பிடித்து மூளைக்குச் சொல்கின்றன. ஒரே வாடை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் அந்தச் சேதி மங்கிவிடும். காசிமேட்டு மீன் கவிச்சி கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போவது இப்படித்தான். காற்று அப்படியே இருக்கும், மூக்கு பழகியிருக்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். அளவு சுமார் 100 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) தாண்டினால் மோப்பத்தையே முடக்கிவிடும். அதாவது, வாடை நின்ற நேரத்தில் ஆபத்து ஏறியிருக்கலாம்.

அமோனியாவின் எரிச்சலை உணர்த்துவது வேறொரு நரம்பு. அதனால் மோப்பம் இல்லாதவருக்கும் கண் எரியும், இருமல் வரும். 2023 டிசம்பர் 26 இரவு அமோனியா கசிந்தபோது எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் உட்கார்ந்து காத்திருக்காமல் வெளியேறினார்கள். அதுதான் சரி. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள், கண்ணை நிறைய தண்ணீரில் கழுவுங்கள், மூச்சு திணறினால் 108.

சளி, கோவிட், முதுமை இவற்றால் மோப்பம் குறைந்தவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். "எனக்கு ஒண்ணும் வாடை வரலையே" என்று அவர்கள் சொல்வதை நம்பி அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். சமையல் கேஸ் கசிவுக்கு 1906. ஸ்விட்சைத் தொடாமல், வெளியே வந்து அழையுங்கள்.