என் எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?

நான் ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்பியவர் அங்கே ஒரு மசோதாவை ஆதரித்தாரா, எதிர்த்தாரா, இல்லை அன்றைக்கு அவைப் பக்கமே வரவில்லையா? இதை மட்டும்தான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்பதெல்லாம் கிடைக்கிறது, அதை நோட்டீஸ் அடித்துத் தெருவெல்லாம் ஒட்டவும் செய்கிறார்கள். ஆனால் சட்டம் போடத்தானே அவரை அனுப்பினோம், அதில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்குப் பெரும்பாலும் பதிவே கிடையாது. தொகுதி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கட்சி என்ன முடிவோ அதுதாங்க" என்றார். கட்சி முடிவைத் தெரிந்துகொள்ளச் செய்தித்தாள் போதுமே, அதற்கு எதற்கு ஒரு எம்.பி.?

மக்களவையில் பெரும்பாலான சட்டங்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்று கத்த வேண்டும், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்று கத்த வேண்டும், எந்தச் சத்தம் பெரிது என்று சபாநாயகர் காதால் கேட்டு முடிவு சொல்லிவிடுவார். யார் கத்தினார், யார் வாயை மூடிக்கொண்டிருந்தார், யார் வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தார், எதுவும் தெரியாது. 140 கோடிப் பேரைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு இதுதான் முறை! ஊர்ச் சங்கத் தேர்தலில்கூட இதைவிட ஒழுங்காக எண்ணுகிறோம். யாராவது ஓர் உறுப்பினர் 'டிவிஷன்' கேட்டால் பெயர்வாரியாக வாக்கெடுக்கலாமே என்பீர்கள். அதற்கான மக்களவை நடைமுறை விதி 367ஐ முழுசாகப் படித்துப் பாருங்கள். தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று சபாநாயகருக்குத் தோன்றினால் இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணிக்கொள்ளலாம், பெயர்கள் பதிவாகாது.

2014 பிப்ரவரி 18 அன்று ஆந்திராவைப் பிரிக்கும் மசோதா மக்களவையில் இப்படிக் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. அந்த நேரம் பார்த்து நேரடி ஒளிபரப்பும் நின்றுபோனது, தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். ஒரு மாநிலமே இரண்டாகிறது, மக்கள் பார்க்கவும் முடியவில்லை, யார் எந்தப் பக்கம் என்ற பதிவும் இல்லை. அப்போது ஆண்டது காங்கிரஸ். பாஜக ஆட்சியில் 2020 செப்டம்பர் 20 அன்று இரண்டு வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, கிடைக்கவில்லை, அமளிக்கு நடுவே அதே குரல் வாக்கெடுப்பு. விவசாயிகள் டெல்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் கிடந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று மக்களவை விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் அந்தச் சட்டங்களை ரத்து செய்தது. போடும்போதும் யாரையும் கேட்கவில்லை, எடுக்கும்போதும் யாரையும் பேச விடவில்லை.

ஓட்டு பதிவானால் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். 2019 டிசம்பர் 11, குடியுரிமைத் திருத்த மசோதா, மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. அதிமுகவின் 11 பேரும் ஆதரவாகப் போட்டார்கள். அந்த 11 ஓட்டு மாறி விழுந்திருந்தால் 114க்கு 116, மசோதா தோற்றிருக்கும். (மாநிலங்களவை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது இல்லைதான், ஆனாலும் அந்த ஓட்டுக்கும் நாம்தானே கணக்குக் கேட்டோம்.) எண்ணிக்கை பதிவானதால்தான் இந்தக் கணக்கை ஊர் ஊராக மேடையில் போட்டுக் காட்ட முடிந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே கட்சி, அந்தச் சட்டத்தைக் கைவிடச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. சத்தத்தை மட்டும் கேட்டு முடித்திருந்தால் இது நடந்திருக்குமா?

சரி, பெயர் பதிவானால் மட்டும் அவர் நமக்காக ஓட்டுப் போட்டுவிடுவாரா? அங்கேதான் கொறடா நிற்கிறார், எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவு போடுபவர். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் பதவி போகலாம், ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றாலும் போகலாம். ஹரியானாவில் 1967இல் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறிய நாடு இது, தாவலைத் தடுக்கச் சட்டம் வேண்டும், மறுக்கவே இல்லை. ஆனால் ஆட்சியைக் கவிழ்ப்பதும், தொகுதி மக்களைப் பாதிக்கும் ஒரு மசோதாவை எதிர்ப்பதும் ஒன்றா? கடலோரத் தொகுதி எம்.பி. ஒருவர் தன் மீனவர்களுக்காகக் கட்சியை மீறி ஒரே ஒரு ஓட்டுப் போட்டால் பதவிக்கு ஆபத்து, கட்சியில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கூட்டாக வேறு கட்சியில் இணைந்தால் ஆபத்தில்லை. இது என்ன நியாயம்? ஒரு எம்.பி.க்குப் பின்னால் சராசரியாக 25 லட்சம் மக்கள் இருக்கிறோம், அத்தனை பேரும் சேர்ந்தாலும் ஒரு கொறடாவின் தாளுக்கு ஈடாகவில்லை.

எந்த பிரிட்டனைப் பார்த்து இந்த நாடாளுமன்ற முறையை எடுத்துக்கொண்டோமோ, அங்கே 2003இல் இராக் போர் வாக்கெடுப்பில் பிரதமர் பிளேரின் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 139 பேர் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். அதற்காக ஒருவருக்கும் எம்.பி. பதவி பறிபோகவில்லை. யார் யார் என்ற பட்டியலும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இங்கே யாரும் யோசிக்காத விஷயமும் இல்லை இது. நம்பிக்கை வாக்கெடுப்பு மாதிரி ஆட்சியின் உயிரைத் தொடும் ஓட்டுகளுக்கு மட்டும் பதவிப் பறிப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே சொல்லிவிட்டது. அமைச்சராக இல்லாத தனிப்பட்ட உறுப்பினர் யாராவது மசோதா கொண்டுவந்து மாற்றலாம் என்றால் அந்த வழியும் அடைபட்டுக் கிடக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு அப்படிச் சட்டமானவை மொத்தம் 14தான், கடைசியானது 1970இல். 2015இல் திருநர் உரிமைக்காக திமுக எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை.

கொறடாவின் பிடியைத் தளர்த்த அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், அது பெரிய வேலை, புரிகிறது. ஆனால் ஓட்டைப் பெயரோடு பதிவுசெய்ய என்ன தடை? ஒவ்வொருவர் இருக்கையிலும் பொத்தான் இருக்கிறது. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் எண்ணத்தானே செய்கிறார்கள், 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டுக்கு ஆதரவு 454, எதிர்ப்பு 2 என்று துல்லியமாகச் சொன்னார்களே. 2025 ஏப்ரலில் வக்ஃப் மசோதாவுக்கு நடுராத்திரி தாண்டியும் உட்கார்ந்து 288க்கு 232 என்று எண்ணவில்லையா? 367ஆம் விதியை மாற்றத் தனிச்சட்டம்கூட வேண்டாம், அவை நினைத்தால் தன் விதியைத் தானே மாற்றிக்கொள்ளலாம். எல்லா மசோதாவின் இறுதி ஓட்டும் பெயரோடு பதிவாக வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியைத் தேர்தல் அறிக்கையில் போட்ட ஒரு கட்சியைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.