அறை வெப்பநிலை எண்டால் எந்த அறை?

மாதிரியில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கு என்று நிறத்தை வைத்து அளக்கிற எலைசா கிட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் “அறை வெப்பநிலையில் 30 நிமிடம் வைக்கவும்” என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தாளை எழுதினவருக்கு அறை என்றால் 20 முதல் 25 பாகை. சித்திரை மாத மத்தியானத்தில் ஏசி போடாத யாழ்ப்பாணத்து அறையில் மேசைமேல் 32, 33 நிற்கும். அந்த நிறத்தை உண்டாக்குகிற நொதியத்துக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். நிறம் வேகமாக ஏறும், அளவு தெரிந்த நியமக் கரைசல்களில் செறிவு கூடியவை நிறத்தை அளக்கிற ரீடரின் எல்லையைத் தாண்டிவிடும், மாதிரி போடாத வெற்றுக் குழியிலும் மெல்லிய நீலம் வரும். தாளில் சொன்னபடி 30 நிமிடம் காத்திருந்தவர் ஒரு பிழையும் விடவில்லை, முடிவு மட்டும் பிழை.

மருத்துவபீட ஆய்வுகூடங்களில் ஆய்வு உதவியாளராகச் சேர வருகிற பெடியள் பெட்டையள் முதலில் கேட்கிறது “என்ன மெஷின் இருக்கு?” என்றுதான். என்னைக் கேட்டால் கேட்க வேண்டியவை வேறு. தண்ணி எங்கால வருது? ஜெனரேற்றர் லைன் எந்தெந்தச் சொக்கெற்றுக்குப் போகுது? திரவத்தை அளந்து எடுக்கிற பைபெட்டைக் கடைசியாக எப்ப சரிபார்த்தது? வேறு காலநிலைக்கும் வேறு தண்ணிக்கும் எழுதப்பட்ட செய்முறையை இந்த ஊருக்கு ஏற்றமாதிரி மாற்றி, மாற்றினதை எழுதி வைக்கிறதுதான் இந்த வேலையின் முக்கால்வாசி. ஆனால் வேலை விபரத்திலும் இது வராது, நிதி விண்ணப்பத்திலும் வராது.

தண்ணியில் இருந்தே தொடங்கலாம். சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிற குடாநாடு இது. வீட்டுக் கேத்திலுக்குள் படியிற வெள்ளைப் படிவுதான் ஆய்வுகூட வடிகருவியின் சூடாக்கியிலும் நீராவியால் கிருமி நீக்குகிற ஓட்டோகிளேவின் அடியிலும் படியும். படிவு தடித்தால் சூடு தண்ணிக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி, கம்பி எரிந்துபோகும். சித்திரிக் அமிலக் கரைசல் ஊற்றி ஊறவிட்டுக் கழுவ ஒரு பின்னேரம் போதும். இதைக் கிழமைக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டுப் புதுக் கம்பிக்குக் கொழும்புக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். வடித்த தண்ணியெல்லாம் நல்ல தண்ணி என்றும் நம்பக்கூடாது. அமில-கார அளவை மாறாமல் வைக்கிற பொஸ்பேற் தாங்கற்கரைசல் கலங்கினால் கல்சியம் உள்ளே வந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். டிஎன்ஏயைப் பிரதி எடுத்துப் பெருக்குகிற பிசிஆரில் இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. வழமையாக 1.5 மில்லிமோலர் அளவில் மக்னீசியம் வைத்துச் செய்கிற தாக்கம் அது. தண்ணியோடு கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தால் முடிவில் வேண்டாத டிஎன்ஏ பட்டிகளும் தோன்றும், ஆள் பிரதி எடுப்பைத் தொடக்கிவைக்கிற பிரைமரைத் திட்டிக்கொண்டிருப்பார். தண்ணியில் உப்பு இருந்தால் காட்டுகிற கடத்துதிறன் மீற்றர் ஒன்றை வைத்துக் காலையில் ஒருக்கால் அளந்து எழுதினால் இந்தத் தலையிடி வராது. பிசிஆருக்குக் கடையில் வாங்கின டிஎன்ஏயை வெட்டுகிற நியூக்கிளியேஸ் இல்லாத தண்ணியை மட்டுமே எடுங்கோ. சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்து, ஒரு ரியூப் ஒரு நாளுக்கு என்று பாவித்தால் ஒரு போத்தல் அசுத்தமாகி மாதக்கணக்கான வேலை போகாது.

அடுத்தது கரண்ட். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அப்படியில்லை என்றாலும், பிசிஆர் சுழற்சியை நடுவில் குழப்ப இரண்டு செக்கன் வெட்டே காணும். ஜெனரேற்றர் எடுபடும்வரை தாங்க யூபிஎஸ் வேண்டும். அதன் பற்றரி சில வருஷங்களில் செத்துவிடும், ஆனால் பச்சை லைற் எரிந்துகொண்டேயிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால், மாதிரி ஒன்றும் இல்லாத நேரம் பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குது என்று பாருங்கோ.

−20 பிறீசருக்கு ஒரு மலிவான காவல்காரன் இருக்கிறான். சின்னக் கோப்பையில் தண்ணியை உறையவிட்டு, மேலே ஒரு ரூபாய்க் குற்றியை வையுங்கோ. லீவு முடிந்து வந்து பார்க்கும்போது குற்றி ஐசுக்குள் தாழ்ந்திருந்தால், இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. −80 பிறீசருக்கு இந்தக் குற்றி உதவாது. −80 இல் இருந்து −10 க்கு ஏறி இறங்கினாலும் ஐஸ் உருகாது, குற்றியும் அசையாது, உள்ளே இருக்கிற, எளிதில் சிதைகிற மரபுப்பொருளான ஆர்என்ஏ மட்டும் கெட்டிருக்கும். அதற்கு உச்ச வெப்பநிலையைப் பதிந்து வைக்கிற கருவிதான் வேண்டும். வீட்டுக்கு வாங்குகிற, ஐஸ் பிடிக்காத வகைப் பிறிட்ஜில் நொதியங்களை வைப்பது இன்னொரு பரவலான பிழை. ஐஸ் பிடிக்காமல் இருக்க அது இடைக்கிடை தன்னைத்தானே சூடாக்கும், கரண்ட் போகாமலே உங்கட நொதியம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

கொழும்பில் இருந்து வருகிற குளிர்ப்பெட்டி சுமார் 400 கிலோமீற்றர் ஓடி வர வேண்டும். வெள்ளிக்கிழமை அனுப்பச் சொல்லாதேங்கோ, ஓடருக்கு முதல் கலண்டரில் பௌர்ணமி விடுமுறையான போயா நாளைப் பாருங்கோ. பெட்டி வந்தவுடன் திறந்து, ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று படம் எடுத்து, நேரத்தையும் தயாரிப்புத் தொகுதியைக் காட்டுகிற லொட் இலக்கத்தையும் எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து முறைப்பாடு செய்தால் எந்த வழங்குநரும் ஏற்கமாட்டார்.

குருதி மாதிரியில் கெடுகிறவை பெரும்பாலும் ஆய்வுகூட வாசலுக்கு வர முதலே கெட்டவை. மெல்லிய ஊசியால் இழுத்து எடுத்தது, ரியூப்பைக் குலுக்கினது, முச்சக்கரவண்டியில் வெயிலோடு வந்தது என்று பல காரணம். குருதியின் செங்கலம் உடைந்தால் பொற்றாசியமும் எல்டிஎச் என்ற நொதியமும் பொய்யாக உயரும், செங்கலத்தில் இருந்து வெளிவருகிற ஹீம் பிசிஆரையும் தடுக்கும். குருதி உறையாமல் இருக்க ஈடிடிஏ போட்ட ஊதா மூடி ரியூப்பில் இருந்து ஒரு சொட்டு மற்ற ரியூப்பில் கலந்தாலும் பொற்றாசியம் கூடிக் கல்சியம் குறையும். இன்னொரு உறைதல் தடுப்பியான ஹெப்பரின் போட்ட ரியூப்பைப் பிசிஆருக்கு எடுக்கவே கூடாது. குருதியில் இருந்து பிரிந்த சீரம், செங்கலம் உடைந்து இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த மாதிரிக்கு நேரே “சிவப்பு” என்று ஒரு சொல் எழுதுங்கோ. ஆறு மாதம் கழித்து, விலகி நிற்கிற ஒரு புள்ளியை வைக்கிறதா எடுக்கிறதா என்ற சண்டையை அந்த ஒரு சொல் தீர்க்கும். எழுதாமல், வரைபு வடிவாக இல்லை என்பதற்காகப் புள்ளியை எடுக்கிறதற்குப் பெயர் வேறு.

மாதிரியைச் சுழலியில் சுற்றும்போது “3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) 10 நிமிடம்” என்று கொப்பியில் எழுதுகிற பழக்கத்தையும் விட்டால் நல்லது. 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சுழலியில் அது சுமார் 1000 ஜீ (புவியீர்ப்பைப்போல 1000 மடங்கு), 16 சென்ரிமீற்றரில் சுமார் 1600 ஜீ. இரண்டு ஆய்வுகூடங்கள் ஒரே செய்முறை என்று நினைத்து இரண்டு வேலை செய்துகொண்டிருக்கும்.

பைபெட்டைச் சரிபார்க்கப் பெரிய செலவு இல்லை. நாலு தசமதானத் தராசும் வடித்த தண்ணியும் காணும். நுனியில் மாட்டுகிற டிப்பை மூன்று தரம் நனைத்து, 1000 மைக்ரோலீற்றரைப் பத்துத் தரம் நிறுத்து, சராசரியையும் சிதறலையும் பாருங்கோ. 30 பாகையில் அந்தத் தண்ணியின் நிறை 0.9957 கிராம். சரியாக 1.0000 வரவில்லை என்று திருகாணியைத் திருப்பினால் நல்ல பைபெட்டைக் கெடுத்ததாகத்தான் முடியும். நிறுக்கும்போது மின்விசிறியை நிற்பாட்டுங்கோ. வேர்க்கும்தான், ஆனால் காற்றில் தராசு ஆடும், தண்ணியும் ஆவியாகும்.

கணினிப் பக்கத்தில் ஒன்றே ஒன்று. எக்செல் 007 ஐ 7 ஆக்கும், சில மரபணுப் பெயர்களைத் திகதியாக்கும். இதனாலேயே 2020 இல் செப்ற், மார்ச் என்று தொடங்கிய மரபணுக்களுக்கு உத்தியோகபூர்வமாகப் பெயர் மாற்றினார்கள். அடையாள இலக்கத்தை எழுத்தோடு தொடங்கினால் பாதித் தொல்லை இல்லை.

இவ்வளவு கவனமும் ஒப்பந்தத்தில் வேலை செய்கிற ஒருவரின் தலைக்குள் இருக்கிறது என்பதுதான் என்னுடைய குறை. திட்டம் முடிய அவர் போய்விடுவார். பிறீசரில் ஒன்பதுக்கு ஒன்பது, 81 குழிப் பெட்டிகள் கிடக்கும், மூடியில் பெயரின் முதலெழுத்தும் அழிந்த மையும் மட்டும். எறியவும் ஏலாது, பாவிக்கவும் ஏலாது, நோயாளியின் சம்மதப் படிவம் எந்தக் கோப்பில் என்றும் தெரியாது. மேற்பார்வையாளர்களிடம் கேட்கிறது பெரிய விஷயமில்லை. ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு கிழமை புதுப் பரிசோதனை ஒன்றும் கொடுக்காதேங்கோ. எந்தத் தட்டு, எந்தப் பெட்டி, எந்தக் குழி, எத்தனை தரம் உருகியது, எந்த அறநெறி அனுமதி இலக்கம் என்று ஒரு அட்டவணை எழுதுவித்து, ஒரு பிரதியைப் பிறீசர் கதவில் ஒட்டுவியுங்கோ. அந்த இரண்டு கிழமைச் சம்பளத்தை விண்ணப்பத்தின் வரவுசெலவிலேயே ஒரு வரியாகப் போடுங்கோ, மெஷினின் விலைக்குக் கீழே.