குரூப் எடுக்கிற அன்னைக்கே முடிஞ்சு போகுது

போன வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள், எங்க ஊர் அக்கா ஒருத்தங்க மகளோட வீட்டுக்கு வந்தாங்க. பென்னாகரம் பக்கம் எங்க ஊர். பொண்ணு கணக்குல 91.

"என்ன குரூப்பு போடலாம் தம்பி?"

"மேத்ஸ் எடுக்கட்டும்க்கா."

அக்கா மார்க் ஷீட்டை மடிச்சு மடிச்சுப் பிரிச்சாங்க. "பக்கத்துப் பள்ளிக்கூடத்துல அது இல்லியே. பென்னாகரம் போய்ட்டு பஸ் புடிச்சு வந்தா ஏழு மணி ஆவும். நாங்க ரெண்டு பேரும் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. சின்னவன யாரு பாக்கறது?" பொண்ணு வாயே திறக்கல. வச்ச டீயைக்கூடத் தொடல. வரலாறு குரூப்ல சேர்த்துட்டாங்க.

2021ல இருந்து இன்ஜினியரிங்ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கு, ஃபீஸையும் அரசே கட்டுது. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய். மனசார வரவேற்கிறேன், இதனால படிக்கிற பிள்ளைங்க என் வகுப்பிலேயே இருக்காங்க. ஆனா மேத்ஸ் குரூப்பே எடுக்க முடியாத இந்தப் பொண்ணுக்கு அந்த 7.5 எதுக்கு ஆகும்? குடும்ப வருமானம் பதினஞ்சு வயசுலயே அவ வழியை அடைச்சிருச்சு. உதவி வர்றதோ காலேஜ் வாசலைத் தாண்டின பிறகு.

காசு உள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் தயாராவா வருது? நான் இன்ஜினியரிங் காலேஜ்ல முதல் வருஷத்துக்குக் கணக்கு எடுக்கிறவன். லட்சக்கணக்குல கட்டி ஹாஸ்டல் பள்ளியில படிச்சு, நல்ல கட்-ஆஃபோட வந்த பையன் sin 2x-க்கு வகைக்கெழு கேட்டா முழிக்கிறான். எல்லை, வகைக்கெழு, திரிகோணமிதி எல்லாமே பிளஸ் ஒன் பாடம். அதை ஒப்புக்கு நடத்திட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூவையே உருப்போட வைக்கிற பள்ளிகள் நம்ம பக்கம் உண்டு. கட்-ஆஃபுக்கு பிளஸ் டூ மார்க் மட்டும்தானே! இதைத் தடுக்கத்தான 2017-18ல பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்துச்சு? 2025ல அதையும் எடுத்தாச்சு. பிள்ளைங்களுக்குப் பாரம் குறையுதுன்னு சொல்றது புரியுது, ஆனா பிளஸ் ஒன் பாடம் முழுசா நடக்குதான்னு இனி யார் பாக்கறது?

மலையடிவாரப் பள்ளிகள்ல மேத்ஸ் குரூப்பும் அதுக்கு வாத்தியாரும் வேணும். சாயங்காலம் பள்ளி விடுற நேரத்துக்கு ஒரு பஸ் வேணும். உங்க ஊர்லயும் இதே நிலைன்னா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல தீர்மானமா எழுத வையுங்க. எங்க ஊர்ல போன மாசம் எழுதினோம். அந்த அக்கா ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து கையெழுத்துப் போட்டாங்க.