காளான் எடுக்கப் போனேன் என்று என் மகன் எழுதினான்

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன், கோடை விடுமுறை பற்றிய கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தான்: "அம்மாவுடன் தோட்டத்தில் காளான் எடுக்கப் போனேன்." அதைப் படித்துக் காட்டியதும் வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாள் என்னைப் பள்ளிக்கு வரச்சொன்னார்கள். "எந்தக் காளான்?" என்று கேட்டார் ஆசிரியை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பிள்ளையைப் பற்றிய அக்கறையில்தான் கேட்டார். ஆனால் வீடு வந்து சேரும்வரை என் மகன் தலை நிமிரவில்லை.

கொடைக்கானல் என்றால் காளான், காளான் என்றால் போதை. இந்த மலைக்கு இப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. போன மாதம் பண்ணைக்காடு சாலையில் கொட்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தேன். காரை நிறுத்திய இரண்டு இளைஞர்கள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்தக் காளான் கிடைக்குமா? எவ்வளவு?" என்றார்கள். கொட்டானில் இருந்தது அன்றைய எங்கள் மதியக் குழம்பு. என் வயிற்றுச் சோற்றைக் கஞ்சாப் பொட்டலம்போல் பார்த்த அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

நாங்கள் எடுப்பது புற்றுக்காளான். கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் சித்திரை, வைகாசியில் இடியோடு நாலு மழை விழுந்தால் கறையான் புற்றைச் சுற்றி மண் வெடிக்கும். விடிவதற்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் குடை விரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் புழு வைத்துவிடும். மொட்டு விரியாத காளானின் உச்சியில் கூரான மூக்கு ஒன்று இருக்கும். அதைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதுதான் அப்பத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். விரலால் மண்ணை விலக்கிக்கொண்டே இறங்கினால் தண்டு மெலிந்து வேராகி, சில இடங்களில் ஒரு முழத்துக்கும் கீழே போகும். பாதியில் திருகி எடுத்துவிட்டு மண்ணை மூடிவிட வேண்டும். விரிந்து கிழிந்த கிழட்டுக் காளான்களை அப்படியே விட்டுவிட வேண்டும். "அது விதைக்கு, தொடாதே" என்பார் அப்பத்தா.

அந்த வேர் போய் முடியும் இடம்தான் அதிசயம். மென்ற சருகையும் மரத்துகளையும் கொண்டு கறையான்கள் புற்றுக்குள் பஞ்சுபோல் படுக்கை கட்டி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கின்றன. நாம் பறிப்பது கறையானின் வெள்ளாமை. அதனால்தான் சிப்பிக்காளானையும் பால்காளானையும்போல் இதைக் கொட்டகையில் வளர்த்து விற்க முடிவதில்லை. இந்த இனத்தில் ஒன்றைத் தென்னிந்தியாவிலிருந்து 1979இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் கே. நடராஜன் என்ற தாவரவியலாளர். இதெல்லாம் அல்லவா எங்கள் பிள்ளைகள் வகுப்பில் பேச வேண்டிய செய்தி!

இமயமலைப் பக்கம் பாருங்கள். பனி உருகும் இளவேனிலில் இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் 'குச்சி' என்ற காளான் முளைக்கிறது. வெளிநாட்டில் மோரல் என்பார்கள். தேனடைபோல் குழிகுழியான தலை, நெடுக அறுத்தால் உச்சிமுதல் அடிவரை உள்ளே வெற்றிடம். பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும், வேகவைத்தே ஆக வேண்டும். மலைக் கிராமத்துக் குடும்பங்கள் காட்டில் தேடி எடுத்து, நூலில் கோத்துக் காயவைக்கின்றன. உலர்ந்தது கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. அங்கே ஒரு சிறுவன் குச்சி தேடப் போனேன் என்று எழுதினால் யார் சிரிப்பார்கள்?

போதைக்காக மலையேறி வருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தேடும் காளானில் உள்ள சைலோசைபின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். அதைவிட எனக்குப் பயம் வேறு. சாலையோரத்தில் முகம் தெரியாதவன் கையில் திணிப்பது என்ன காளான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பைன் காட்டில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்து ஒன்று நிற்கும். படம் எடுக்க அழகு, தின்றால் நஞ்சு. கல்லீரலைத் தின்னும் காளான்களும் உலகில் உண்டு. அவற்றின் நஞ்சு வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. மறுநாள் தேறியதுபோல் இருக்கும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் பொய். நம்பாதீர்கள்.

அதனால்தான் படம் அனுப்பி "இதைச் சாப்பிடலாமா அக்கா?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதே இல்லை. படத்தில் தண்டின் அடி தெரியாது, மணம் தெரியாது, எந்தப் புற்றில் முளைத்தது என்று தெரியாது. பத்து வருடம் அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்து கற்றது இது. தெரியாததைத் தொடாமல் திரும்பி வருவதும் அதில் சேர்த்தி. அந்த நடையைத்தான் இப்போது நிறுத்துகிறார்கள். "ஊர் தப்பாகப் பேசும்" என்று எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் பிள்ளைகளைக் கூட்டிப்போவதை விட்டுவிட்டார்கள். பளியர் குடிகளும் எங்களைப் போன்ற தோட்டக்காரர்களும் வயிற்றுக்காகத் தெரிந்துவைத்திருந்த ஒன்று, யாரோ சிலரின் மயக்கத்துக்காக ஒரே தலைமுறையில் அறுந்துபோக வேண்டுமா? நான் விட மாட்டேன். 2013இல் சரணாலயமாக அறிவித்த காட்டுக்குள் நாங்கள் கால் வைப்பதில்லை. எங்கள் தோட்டம், எங்கள் புற்று.

அந்த ஆசிரியைக்கு மறுவாரம் ஒரு தூக்குவாளியில் குழம்பு கொடுத்தனுப்பினேன். அரிசி கழுவிய தண்ணீரில் மண் போக அலசி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கி, மிளகு தட்டிப் போட்டது. வாளி கழுவித் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: "அடுத்த முறை போகும்போது என்னையும் கூப்பிடுங்கள்."

நேற்று ராத்திரி தாண்டிக்குடிப் பக்கம் நல்ல இடி. நாளைக் காலை ஐந்து மணிக்கு மகனை எழுப்ப வேண்டும். ஆசிரியைக்கும் சொல்லிவிட்டேன்.