92 டிகிரி என்று பதறுகிறவர்களுக்கு ஒரு நீளமான பதில்

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறவர்கள் கூடும் இடத்திலெல்லாம் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் போட்டு "ஓவர்கிளாக் பண்ணினேன், ப்ராசஸர் 92 டிகிரி காட்டுது, போயிடுமா?" என்று கேட்பார். (ஓவர்கிளாக் என்றால், கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரை கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது.) உடனே நாலு பேர் வந்து "எனக்கு 65 தான், உங்க கூலரைத் தூக்கிப் போடுங்க" என்பார்கள். அது என்ன ப்ராசஸர், அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, எந்த சென்சாரின் ரீடிங், அறை எவ்வளவு சூடாக இருந்தது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். இந்த நாலும் தெரியாமல் 92 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஜோசியம்தான் சொல்லலாம்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இன்டெல் ப்ராசஸரின் கோர்களுக்குள், அதாவது கணக்குப் போடும் பகுதிகளுக்குள், இருக்கும் டிஜிட்டல் சென்சார் "இப்போ 70 டிகிரி" என்று நேராகச் சொல்வதில்லை, உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. வரம்பு 100, பாக்கி 30 என்றால் கோர் டெம்ப், ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரியான மென்பொருள் கழித்துப் பார்த்து 70 என்று காட்டும். வரம்பை நெருங்க நெருங்க இந்தக் கணக்கு சரியாக வரும், கீழே போகப் போக ஆட்டம் காணும். அதனால் சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போது உனக்கு 31, எனக்கு 36 என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. இன்டெலின் பழைய கோர் 2 ப்ராசஸர்கள் இருந்த காலத்தில் இந்த வரம்பு எவ்வளவு என்பதே வெளியில் தெளிவாகத் தெரியாமல் இருந்ததால், ஒரே ப்ராசஸருக்கு இரண்டு மென்பொருள்கள் 10 டிகிரி வித்தியாசத்தில் காட்டிய கூத்தெல்லாம் நடந்தது.

இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கமும் இதே மாதிரி ஒன்று உண்டு. 2017இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் ப்ராசஸர்கள் இரண்டும் ஃபேன் கட்டுப்பாட்டுக்காக உண்மையான வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டித்தான் சொல்லும். எக்ஸ் இல்லாத 1700க்கு அந்தக் கூட்டல் கிடையாது. இது தெரியாமல் எத்தனை பேர் புது கூலர் வாங்கினார்களோ! அப்புறம் மதர்போர்டு சென்சார்கள். பட்டியலில் ஏதோ ஒரு வரியில் 127 டிகிரி என்று இருக்கும், பார்த்ததும் பகீரென்று இருக்கும். பெரும்பாலும் அது எதனோடும் இணைக்கப்படாமல் சும்மா கிடக்கிற சென்சார். நிஜமாகவே 127 என்றால் அதைப் படிக்கிற அளவுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருக்காது.

இப்போது 95 டிகிரி விஷயம். 2022இல் ரைசன் 7000 வரிசை வந்தபோது ஏஎம்டி வெளிப்படையாகவே சொன்னது: கனமான வேலையில் 95 வரை போகும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்று. மின்சார வரம்பு குறுக்கே வராத வரை, அந்த ப்ராசஸர் 95ஐத் தொடும் மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நீங்கள் நல்ல கூலர் போட்டாலும் பல சமயம் அதே 95 தான் காட்டும், வேகம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும். ஆகவே டிகிரியை விட, அரை மணி நேரம் முழு வேலை கொடுத்த பிறகு வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது என்பதுதான் உருப்படியான கேள்வி. அரை மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் கூலரில் அந்தத் தண்ணீர் சூடேறவே கொஞ்ச நேரம் பிடிக்கும், மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு ஸ்க்ரீன்ஷாட் போடுகிறவர்களின் எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நம் ஊரில் எல்லாரும் கோட்டை விடுவது அறை வெப்பத்தில்தான். காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, எதுவும் அறையை விடக் குளிராக ப்ராசஸரை ஆக்காது. அறைக்கு மேலே எத்தனை டிகிரியில் நிறுத்தி வைக்கிறது என்பதுதான் அதன் திறமை. யூடியூப் ரிவ்யூக்காரர்கள் இருபத்திச் சொச்சம் டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். ஏசி இல்லாத வேலூர் மாடி அறையில் மே மாதம் 36 சர்வசாதாரணம்.

இதோடு ஓவர்கிளாக்கைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம், அதாவது அது கக்கும் வெப்பம், வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் கூடும். 4.7 கிகாஹெர்ட்ஸ் 1.20 வோல்ட்டில் ஓடியதை 5.0க்கு ஏற்ற 1.32 கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வேகம் கூடியது 6 சதவீதம், வெப்பம் கூடியது கிட்டத்தட்ட 29 சதவீதம். முன்பு அறைக்கு மேலே 50 டிகிரியில் நின்றது இப்போது 64இல் நிற்கும். டிசம்பரில் 24 டிகிரி அறையில் 88, பரவாயில்லை என்று கொண்டாடலாம். அக்னி நட்சத்திரத்தில் அதே செட்டிங் 100ஐத் தொடும், ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கஷ்டப்பட்டு ஏற்றிய 300 மெகாஹெர்ட்ஸ் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். ஓவர்கிளாக்கை மே மாத மதியத்தில் சோதித்து முடிவு பண்ணுங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சின்ன சோதனை. முழு வேலை ஓடும்போது கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எண் சட்டென்று ஏழெட்டு டிகிரி இறங்கினால் கூலர் மேல் குற்றமில்லை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த அந்த அழகான கேபினெட்டுக்குள் காற்று போகவில்லை, அல்லது தூசி அடைத்திருக்கிறது. இறங்கவே இல்லை, கூலரின் தகடுகளும் தொட்டால் ஜில்லென்று இருக்கின்றன, ஆனால் கோர் மட்டும் 95 என்றால் சூடு கூலருக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரூ சரியாக இறங்காதது, கூலரின் அடியில் பிளாஸ்டிக் உறையை உரிக்காதது, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்தது, இதையெல்லாம் முதலில் பாருங்கள்.

சில சமயம் தடை ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும். 2012இல் ஐவி பிரிட்ஜ் ப்ராசஸர்கள் வந்தபோது சில்லுக்கும் மேல்மூடிக்கும் நடுவில் சூட்டை நன்றாகக் கடத்தும் உலோகப் பற்றாசான சால்டருக்குப் பதிலாக இன்டெல் வெறும் பேஸ்ட்டை வைத்தது. அதனால்தான் ஓவர்கிளாக் பிரியர்கள் பிளேடை எடுத்து மூடியையே கழற்ற ஆரம்பித்தார்கள். 2018இல் இன்டெலின் 9900கே வந்தபோதுதான் அந்தச் சாதாரண டெஸ்க்டாப் வரிசைக்கு சால்டர் திரும்பியது. இப்போதைய ரைசனில் வேறு சிக்கல்: விரல் நகத்தளவு சில்லில் அவ்வளவு வெப்பமும் குவிகிறது, 360 மி.மீ. ரேடியேட்டர் வைத்த பெரிய தண்ணீர்க் கூலர் போட்டாலும் அந்தச் சின்னப் பரப்பிலிருந்து சூடு வெளியே வருவதற்கு ஒரு வரம்பு உண்டு.

என்னைக் கேட்டால், இன்றைக்கு ஓவர்கிளாக்கை விட அண்டர்வோல்ட்தான், அதாவது வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவதுதான் லாபம். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வோல்டேஜ் செட்டிங்கில் மைனஸ் கொடுத்து, ஒவ்வொரு கோரும் நிலையாக நிற்கிறதா என்று பொறுமையாகச் சோதியுங்கள். அதே இருமடிக் கணக்கு இந்த முறை நம் பக்கம் வேலை செய்யும்.

டிகிரி குறைவாக இருந்தால் எல்லாம் பத்திரம் என்று நினைக்கிறவர்களுக்கு இன்டெல் 13, 14ஆம் தலைமுறைக் கதையைச் சொல்ல வேண்டும். கேம்கள் காரணமில்லாமல் நின்றுபோயின, சில ப்ராசஸர்கள் நிரந்தரமாகக் கெட்டன. மைக்ரோகோட் எனப்படும், ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரலில் இருந்த பிழையால் ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே கெட்டதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அந்தத் தலைமுறை ப்ராசஸர் வைத்துக்கொண்டு இன்னும் அந்தத் திருத்தம் இல்லாத பழைய பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) ஓட்டுகிறவர்கள் கூலர் விலையைத் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் போய் அதை அப்டேட் பண்ணுங்கள்.